எட்டில் நிற்காத வளையம்

“லென்ஸ் பொருத்தப்படவில்லை” என்றது கேமரா.

சின்ன மாப்பிள்ளைக்கு வியர்த்தது. கூடத்தின் அந்தப் பக்கம் மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமியார். பின்னால் மூன்று பெண்களும் பெரிய மாப்பிள்ளையும் நின்றார்கள். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னங்க ஆச்சு?” என்றாள் கடைசிப் பெண்ணான அவன் மனைவி.

“லென்ஸ் இல்லைங்குது.”

“அப்ப முன்னாடி குழாய் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன?”

“அது பழைய லென்ஸ்டி. இது புது கேமரா. நடுவுல அடாப்டர்னு ஒரு வளையம் வெச்சு மாட்டியிருக்கேன். லென்ஸ் வந்து உட்கார்ந்ததே கேமராவுக்குத் தெரியாது.”

“ஒட்டிக்கிட்டுதான் நிக்குது, ஆனா ஒரு வார்த்தை பேசிக்காதா?”

“பேசிக்காது.”

சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். மூத்தவள் வரிசையின் இந்தக் கோடியில் நின்றாள், நடுவுள்ளவள் அந்தக் கோடியில். யார் போனை யார் எடுக்கவில்லை என்பதில் ஆரம்பித்த சண்டை, மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஒருத்தி பிறந்த வீட்டுக்கு வந்தால் மற்றவள் வரமாட்டாள். என்ன சொல்லி வரவழைத்தாரோ மாமனார், இன்றைக்கு மூன்று பெண்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மூத்தவளுக்கு டாக்சி வந்துவிடும். அதற்குள் குடும்பப் படம் எடுத்தாக வேண்டும்.

பெரிய மாப்பிள்ளை போனை எடுத்தார். “சகலை, நான் வேணா எல்லாரையும் ஒரு தட்டு தட்டிடட்டுமா?”

“வேணாம், சின்ன மாப்பிள்ளையே எடுக்கட்டும்” என்றார் மாமனார்.

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் மாமனார் அவனுக்காகப் பரிந்து பேசியது இதுதான் முதல் தடவை. அந்தக் கேமராவை இதுவரை ‘அந்தப் பெட்டி’ என்றுதான் சொல்லிவந்தார். இன்றைக்கு ஒரு நல்ல படம் விழுந்தால் அவனும் இந்த வீட்டில் ஒரு மனுஷன். விழாவிட்டால் ஆயுசுக்கும் கேலிதான்.

மெனுவுக்குள் புகுந்து, லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடுக்கச் சொல்லும் இடத்தைக் கண்டுபிடித்துத் தட்டினான். கேமரா அடங்கியது. ஆனால் வரிசை அகலமாக இருந்தது, இரண்டு கோடியும் படத்துக்குள் வரவில்லை. அவனுக்குப் பின்னால் சுவர்.

“மூத்தவளையும் நடுவுள்ளவளையும் நடுவுல பக்கத்துல பக்கத்துல நிறுத்துங்க” என்றார் மாமனார்.

அவன் வந்து கேமராவை மாமனார் மடியில் வைத்தான். “கொஞ்சம் பிடிங்க மாமா.”

“இந்த வளையமெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை?”

அவனுக்கு உச்சி குளிர்ந்தது. “முன்னாடி இருக்கறது தெளிவுக்கு மாமா. பின்னாடி இருக்கறது வெளிச்சத்துக்கு. இப்ப எட்டுல வெச்சிருக்கேன். இப்படித் திருப்பினா வெளிச்சம் கொட்டும், அப்படித் திருப்பினா இருட்டு. எல்லாம் கையாலதான், கேமரா தானா ஒண்ணும் செய்யாது.”

அக்கா தங்கை இருவரையும் பக்கத்தில் நிறுத்தினான். ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள், இன்னொருத்தி காலண்டரைப் பார்த்தாள். கேமராவை வாங்கிக்கொண்டு சுவரோரம் போய்க் கண்ணை வைத்தான். குடும்பமே சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல வெள்ளையாக இருந்தது. மாமனாரின் மீசை மட்டும் லேசாகத் தெரிந்தது.

“வெயில் ஜாஸ்தி” என்று முடிவு கட்டி, கேமராவை மாமனார் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் திரைகளை இழுத்து மூடினான். திரும்ப வந்து பார்த்தால் கும்மிருட்டு. மீசைகூட இல்லை.

கேமராவை மறுபடி மாமனாரிடம் கொடுத்துவிட்டுத் திரைகளைத் திறந்தான், விளக்குகளையும் போட்டான். மறுபடி பார்த்தால் மறுபடி சுண்ணாம்பு.

“எனக்கு ஒண்ணுமே புரியல” என்றான் அவன், தலையில் கை வைத்துக்கொண்டு.

“எங்களுக்கு எப்பவோ புரிஞ்சிடுச்சு” என்றாள் மனைவி.

அப்போதுதான் பின் வளையத்தைக் கவனித்தான். எட்டில் வைத்தது ஒன்றரைக்குக் கீழே போயிருந்தது. லென்ஸுக்கு வயதாகிவிட்டது, வளையம் தானாக நழுவுகிறது என்று அவனுக்குத் தோன்றியது. மேஜை இழுப்பறையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, எட்டிலேயே வளையத்தை இறுக்கி ஒட்டினான்.

“முன்னாடி வளையத்துக்கும் ஒட்டிட்டீங்களா மாப்பிள்ளை?” என்று அக்கறையாகக் கேட்டார் மாமனார்.

“அதுக்கு ஒட்டக் கூடாது மாமா. அதைத் திருப்பித்தானே தெளிவு பார்க்கணும்?”

“ஓஹோ.”

மாமியாரின் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, கேமராவை வாங்கிக்கொண்டு போனான். வெளிச்சம் அளவாக இருந்தது. தெளிவு ஏற்கெனவே பார்த்து வைத்ததுதானே என்ற சந்தோஷத்தில் அப்படியே அமுக்கினான். படத்தைப் பார்த்தபோது ஆறு பேரும் ஆறு புகைமூட்டமாக இருந்தார்கள்.

“நின்னு நின்னு கால் மரத்துப்போச்சு” என்றாள் மூத்தவள், காற்றைப் பார்த்து. “இவரு எடுத்து முடிக்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்.”

“அதான் ஏற்கெனவே நரைச்சதுக்கு டை அடிச்சிருக்கியே” என்றாள் நடுவுள்ளவள், காலண்டரைப் பார்த்து.

பெரிய மாப்பிள்ளை மெதுவாக ஓர் அடி பின்வாங்கினார்.

மூத்தவள் திரும்பினாள். “உனக்கு எப்படிடி தெரியும்?”

“காதோரம் மை ஒட்டிக்கிட்டு இருக்கு. எப்பவும் அங்கதானே துடைக்காம விடுவ?”

மூத்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடுவுள்ளவள் தன் கைக்குட்டையை நாக்கில் தொட்டு அக்காவின் காதோரம் தேய்த்தாள்.

“ஐயோ, அண்ணி! ஆடாதீங்க! பேசாதீங்க!” என்று அலறினான் சின்ன மாப்பிள்ளை. “நீங்க ஆடறதாலதான் எல்லாம் கலங்கிப்போகுது!”

“பேசட்டும் விடுங்க மாப்பிள்ளை” என்றார் மாமனார். “நீங்க நிதானமா எடுங்க.”

நிதானமாகத்தான் எடுத்தான். மூத்தவளைத் தலைமுடியை ஒதுக்கச் சொல்லிவிட்டுப் போனான், புகைமூட்டம். பெரிய சகலையிடம் வயிற்றை உள்ளே இழுக்கச் சொல்லிவிட்டுப் போனான், அப்போதும் புகைமூட்டம். போகும்போதெல்லாம் கேமராவைப் பத்திரமாக மாமனாரிடம் கொடுத்துவிட்டுத்தான் போனான். இதற்குள் அக்காவும் தங்கையும் போன் சண்டை வரைக்கும் வந்துவிட்டார்கள். எடுக்காதது நீயா நானா என்று ஆரம்பித்து, அன்றைக்கு யாருக்குக் காய்ச்சல் என்று போய், இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் டாக்சியின் ஹாரன் கேட்டது.

சின்ன மாப்பிள்ளைக்கு அழுகை முட்டியது. மாமனார் முதன்முதலாக நம்பி ஒப்படைத்த காரியம், அதிலும் மண் விழுந்தது. “அண்ணி, கெஞ்சிக் கேக்கறேன், கொஞ்சம் தள்ளித் தள்ளி நில்லுங்க, கடைசியா ஒண்ணு!”

“தள்ளியெல்லாம் நிக்க முடியாது” என்றார்கள் அக்காவும் தங்கையும் ஒரே குரலில். மூத்தவள் புருஷனைப் பார்த்தாள். “ஏங்க, அந்த டாக்சியை அனுப்பிடுங்க. நாளைக்குப் போய்க்கலாம்.”

இனி நேரம் இருக்கிறது என்ற தெம்பில் அவன் கேமராவை மறுபடி மாமனார் மடியில் வைத்துவிட்டு, கலைந்த வரிசையைச் சரி செய்யப் போனான். காலையிலிருந்து வாயே திறக்காத மாமியார் குனிந்து, கணவரின் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தார்.

“போதுங்க, இன்னும் எத்தனை தடவைதான் அந்த வளையத்தைத் திருப்பி வைப்பீங்க? அதான் ரெண்டு பேரும் பேசிட்டாங்களே!”