பொறுப்புக்கு ஒரு படம்

துறைத்தலைவர் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்ததும் விரிவுரையாளர் கையிலிருந்த பென் டிரைவை மறுபடி பைக்குள் போட்டார்.

படம் போட்டுக் காட்டி மாணவர்களுக்குத் தனிமனிதப் பொறுப்பைப் புரியவைப்பது அவருடைய பாடம். இன்றைய வகுப்பைப் பார்த்துவிட்டு அவர் வேலையை நிரந்தரமாக்குவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்பு தன் காரைப் பின்னால் எடுத்தபோது 'டப்' என்று கேட்டது. இறங்கிப் பார்த்தால், தலைவருடைய ஆபீஸ் காரின் பின்விளக்கு உடைந்திருந்தது. ஆசாமி வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நைசாக நழுவி வந்துவிட்டார்.

இன்றைக்குப் போடவேண்டிய படமோ, ஒரு டாக்டர் அடுத்தவர் காரை இடித்துவிட்டு ஓடிப்போகிற கதை. போன வாரம் இவரே தேடித் தேடி எடுத்தது.

"பென் டிரைவை வீட்டுல வச்சிட்டேன். இன்னிக்குப் படம் வேணாம், பேசலாம்."

"முந்தாநாளே எல்லாருக்கும் அனுப்பிட்டீங்களே சார்," என்று முன்பெஞ்சு மாணவி தன் லேப்டாப்பை நீட்டினாள்.

அரங்கைத் திறந்துவிட வந்திருந்த காவலாளி விளக்கை அணைத்தார். படம் ஓட ஆரம்பித்ததும் அவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

இடிக்கிற காட்சி வந்தது. தாண்டிவிடலாம் என்று விரிவுரையாளர் ஒரு பொத்தானைத் தட்டினார். பழகாத லேப்டாப், படம் அப்படியே நின்றது. திரை முழுக்க உடைந்த பின்விளக்கு.

"நல்ல இடத்துல நிறுத்தினீங்க," என்று தலைவர் எழுந்தார். "என் ஆபீஸ் கார் லைட்டையும் யாரோ உடைச்சிருக்காங்க. இதுவரைக்கும் யாரும் வந்து சொல்லல. காலைல அந்தப் பக்கம் வண்டி நிறுத்தினது யாரு?"

முன்பெஞ்சு மாணவி தயங்கி எழுந்தாள். "நான் ஸ்கூட்டர் நிறுத்தினேன் சார். ஆனா நான் இடிக்கல."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. வகுப்பு முடிஞ்சதும் ரூமுக்கு வா. பரீட்சை எழுதறதா வேணாமான்னு அங்க பேசிக்கலாம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விரிவுரையாளர் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறு வருஷமாகக் காத்திருந்த நிரந்தர வேலை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றே கைக்கு வந்துவிடும். அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

"அந்தப் பொண்ணை விட்டுடுங்க சார்," என்றார் கடைசியில். "இடிச்சது நான்தான். பயந்துபோய்ச் சொல்லாம இருந்துட்டேன்."

தலைவர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாட்டிக்கிட்ட பிறகு ஒத்துக்கறதுக்குப் பேர் பொறுப்பு இல்ல சார். நிரந்தரம்கிற பேச்சையே இனி எடுக்காதீங்க."

விரிவுரையாளர் தலையைக் குனிந்துகொண்டார். காவலாளி உள்ளே வந்து விளக்கைப் போட்டார்.

"மன்னிச்சிடுங்கய்யா, படம் பாத்ததுலேர்ந்து மனசு உறுத்துது," என்றார் தலைவரைப் பார்த்து. "சார் காலைல இடிச்சது உங்க கார் பக்கத்துல இருந்த குப்பைத்தொட்டியை. லைட்டு நேத்து சாயங்காலம் நீங்க தூண்ல மோதினப்பவே போயிருச்சு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நீங்க சொன்னதுக்கு நான் தலையாட்டினது தப்புங்கய்யா."