உஷ் சாரும் ஊரெல்லாம் போன கார்டும்

அடுத்தவர் தலையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை ஒரு ஜீவனிடமும் சொல்லாமல் வாழ்ந்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் உஷ் சார் ஒருவர்தான். அவர் பல வருஷங்களாகப் பொத்திப் பொத்திக் காத்த ரகசியங்களை, அவர் லீவில் போன சமயம் பார்த்துத் தபாலில் போட்டு உடைத்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தெரிந்தேதான் செய்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருப்பதியில் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் கம்பெனி இருந்தது. டோப்பா செய்யும் கம்பெனி. முதலாளி மெட்ராஸில். திருப்பதியில் மேனேஜர் உஷ் சார். யார் கடைக்குள் வந்து வாயைத் திறந்தாலும் முதலில் உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்பார். அதுவே பெயராகிவிட்டது. சித்தூரில் பி.ஏ. முடித்துவிட்டு அவரிடம் உதவியாளாகச் சேர்ந்த என்னை அவர் ‘பி.ஏ.’ என்றே கூப்பிட்டார். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

கடைப் பலகையில் மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று பலகை சொல்லாததால், குடை ரிப்பேருக்கு ஆட்கள் வருவார்கள். “இது குடைக்கடை இல்லீங்க” என்று நான் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டேன். உஷ் சார் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

“இல்லேன்னா, அப்போ இன்னா கடைன்னு கேப்பான். அதுக்கு இன்னா சொல்லுவே? குடையை வாங்கி வை நைனா!”

அவரே கம்பி வாங்கிவந்து ராப்பகலாகக் குடை ரிப்பேர் கற்றுக்கொண்டார். கடைசியில் ரேணிகுண்டாவிலிருந்தெல்லாம் குடை வர ஆரம்பித்தது.

டோப்பா வேண்டியவர்கள் சலூன்காரர்கள் சொல்லிக் கேள்விப்பட்டு, பின்வாசல் வழியாக வருவார்கள். உஷ் சார் அவர்களிடம் கேட்பது நாலே விஷயம். வகிடு எந்தப் பக்கம்? வேர்வை அதிகமா? எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள்? பார்சல் எந்த விலாசத்துக்கு? அதற்குமேல் யாராவது வேலை, சம்பளம், சம்சாரம் என்று ஆரம்பித்தால், “வத்து, வத்து” என்று தெலுங்கில் ‘வேண்டாம்’ சொல்லிப் பதறித் தன் காதுகளைப் பொத்திக்கொள்வார். அவர்கள் போன பிறகு எனக்கு விளக்கம் சொல்வார்.

“நமக்கு வேணுங்கறது தலை. அதுக்குள்ள இருக்கறது நமக்கு எதுக்கு? தெரிஞ்சிக்கினா பத்திரமா வெச்சிக்கணும். தெரியாட்டி நிம்மதி.”

ஒவ்வொருவர் மண்டைக்கும் மாவுக்கட்டு மாவில் அச்சு எடுத்து அலமாரியில் அடுக்கியிருந்தோம். புருவத்துக்கு மேலே உள்ள பாகம் மட்டும்தான். அத்தனையும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பின்னால் பென்சிலால் பீர்க்கங்காய், சேனை, கொத்தவரை என்று எழுதியிருக்கும். பெயருக்குப் பதில் காய்கறி.

“ஏன் சார் திருப்பி வெச்சிருக்கீங்க? மூக்கு முழிகூட இல்லையே?”

“வழுக்கையைப் பாத்தே ஆளைச் சொல்றவன் இந்த ஊர்ல இருக்கான், தெரியுமா?”

பார்சல் அனுப்புவதிலும் அவர் பட்டுத் தெரிந்துகொண்டவர். ஆரம்பத்தில், சந்தேகம் வராமலிருக்க, பெட்டியின்மேல் ‘திருப்பதி பிரசாதம்’ என்று எழுதி அனுப்பினாராம். பாலசமுத்திரத்தில் ஒரு வீட்டில் குடும்பமே குளித்து, கற்பூரம் ஏற்றி, பக்தியோடு பிரித்திருக்கிறது. உள்ளே முடி. போன மாதம் மலையில் கொடுத்த காணிக்கையைப் பெருமாள் திருப்பி அனுப்பிவிட்டார் என்று வீடே அழுததாம். அன்றிலிருந்து எந்தப் பெட்டியானாலும் ‘இரும்பு ஆணி’ என்று எழுதிவிடுவார். ஆணிப் பெட்டியை எந்த வீட்டிலும் ஆசையாகப் பிரிப்பதில்லை.

தபாலாபீஸ் கொடுக்கும் பார்சல் ரசீதுகளை ஒரு கம்பியில் குத்திவைத்து, மாதக் கடைசியில் எரித்துவிட வேண்டும். அந்த வேலை என்னுடையது. விலாசங்களைச் சாம்பலாக்குவது பைத்தியக்காரத்தனம் என்று என் படிப்பு எனக்குச் சொன்னது. பழைய பேப்பரை எரித்துவிட்டு, ரசீதுகளை என் டிரங்குப் பெட்டியில் சேர்த்துவைத்தேன். உஷ் சார் சாம்பலைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார்.

வெள்ளரிக்காய் என்ற வாடிக்கையாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் பெயரை இன்றும் சொல்லமாட்டேன். சித்தூரில் ஒரு ஆபீஸ் கிளார்க். வீட்டோடு மாப்பிள்ளை. அவர் வழுக்கை அவர் மனைவிக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது. “பொண்ணுக்கு முடி இருக்கற மாப்ளையாப் பாருங்க” என்று தரகரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்த மாமியார் அவர். தெரிந்தால் ஒருநாள்கூட அந்த வீட்டில் இருக்க முடியாது என்று வெள்ளரிக்காய் முதல்நாளே கண்கலங்கிச் சொன்னார். உஷ் சார் காதைப் பொத்திக்கொண்டிருந்தும் அது உள்ளே போய்விட்டது.

வெள்ளரிக்காய்க்கு டைபாய்டு வந்தபோது மாமியார் திருமலைக்கு வேண்டிக்கொண்டார். ‘மாப்பிள்ளை பிழைத்தால் அவர் முடியைக் காணிக்கையாகக் கொடுக்கிறேன்.’

வெள்ளரிக்காய் பின்வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“சார், இல்லாத முடியை எப்டி சார் குடுக்கறது?”

“ஓரத்துல கொஞ்சம் இருக்குதில்லே? இருக்கறதைக் குடு. இல்லாததைச் சாமி கேக்கமாட்டார். அத்தைதான் கேப்பாங்க. அதை நான் பாத்துக்கறேன்.”

அன்று மலையில் மொட்டை அடிக்கும் இடத்தின் வாசலில் உஷ் சார் ஒரு மஞ்சள் பையோடு நின்றார். உள்ளே போகும்போதே, மாமியார் கண்ணில் படாமல், டோப்பா பைக்குள் விழுந்தது. ஓரத்து முடியைப் பயபக்தியோடு கொடுத்துவிட்டு, சந்தனம் பூசி வந்த மாப்பிள்ளையைப் பார்த்து மாமியார் பூரித்துப்போனார். “இன்னாமா மின்னுது பாரு தலை!”

அதன்பிறகு முடி வளர வேண்டுமே? உஷ் சார் டோப்பாக்களை வரிசையாகச் செய்தார். முதலாவது, எள்ளுப்பொடி தூவினதுபோல. அடுத்தது அரிசி நீளம். அதற்கடுத்தது விரல் நீளம். ஒவ்வொன்றாக ஆணிப் பெட்டியில் சித்தூருக்குப் போயிற்று. “மாப்ளை எதுக்கு இத்தினி ஆணி வாங்கறார்?” என்று மட்டும் மாமியார் கேட்டாராம். முடி முன்னைவிட அடர்த்தியாக வளர்வது வேண்டுதலின் பலன் என்று வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர், நாகலாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு லீவு போட்டுப் போனார். முதலாளியிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு அதுதான் சமயம். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ரசீதுகளில் இருந்த அத்தனை விலாசத்துக்கும் கார்டு போட்டேன். கவர் போட்டிருக்கலாம். கார்டு மலிவு.

‘மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு வணக்கம். தாங்கள் எங்களிடம் டோப்பா வாங்கி நாளாகிறது. அதைக் கழுவிச் சீவிக்கொள்ள நேரில் வரவும். பழைய டோப்பாவுக்குப் புதியதில் தள்ளுபடி உண்டு. தங்கள் மேலான தலைக்கு எங்கள் நன்றி.’

கடைசி வரியை எழுதிவிட்டு நானே ரசித்தேன்.

உஷ் சார் புதன்கிழமை காலையில் திரும்பி வந்தார். அவர் பையைக் கீழே வைப்பதற்குள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெள்ளரிக்காய் பின்வாசலில் ஓடிவந்தார்.

“மோசம் போய்ட்டேன் சார்! நான் ஆபீஸ்ல இருக்கச்சொல்ல கார்டு வந்துக்கீது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. போஸ்ட்மேனையே படிக்கச் சொல்லிக்கீறாங்க. அவன் கூத்துல வசனம் பேசறவனாட்டம், மூணு வீதிக்குக் கேக்கறமாதிரி படிச்சிக்கீறான்!”

“நீ இன்னா சொன்னே?”

“ஆள் மாறி வந்த கார்டுன்னேன். அத்தை நம்பலை. ‘சனிக்கிழமை நானே உனக்கு எண்ணெய் தேச்சி உடறேன் நைனா’ன்னு மட்டும் சொன்னாங்க.”

உஷ் சார் என்னைப் பார்த்தார். நான் டிரங்குப் பெட்டியைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அலமாரியிலிருந்த தலைகளைச் சற்று நேரம் பார்த்தார். சுவரைப் பார்த்திருந்த அந்தத் தலைகள் எல்லாம் அன்று எனக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவைபோலத் தெரிந்தன.

பிறகு எழுந்தார். “பி.ஏ., சம்பளம் கையில இருக்குதா?”

“இருக்கு சார்.”

“போய் கார்டு வாங்கு. தபாலாபீஸ்ல எத்தினி இருக்குதோ அத்தினியும்.”

சித்தூருக்குப் போகும் பஸ்ஸில்தான் அவர் யோசனையைச் சொன்னார். “ஒரு வீட்டுக்குக் கார்டு வந்தா அது சேதி. எல்லா வீட்டுக்கும் வந்தா அது குப்பை. எழுதினது உன் கை. மிச்சத்தையும் நீயே எழுது.”

நான் என்றைக்கும்போலக் கெட்டிக்காரத்தனமாக, “வீட்டுக்காரங்க பேரெல்லாம் யார்கிட்டயாவது விசாரிக்கட்டுமா சார்?” என்றேன்.

“இன்னுமா உனக்குப் புத்தி வரலை? பேரு வேணாம். கதவு நம்பரும் வீதியும் போதும். ‘வீட்டுப் பெரியவருக்கு’ன்னு போடு.”

பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு லாட்ஜில் உட்கார்ந்து எழுதினேன். மேலான தலைக்கு நன்றி, மேலான தலைக்கு நன்றி. நான் ரசித்த வரி என் விரல்களைக் கொப்புளமாக்கியது. உஷ் சார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டுக்கும் மை காய விசிறினார். வெள்ளரிக்காயின் வீதி, அதற்கு முன்வீதி, பின்வீதி, கடைவீதி என்று எதுவும் பாக்கியில்லை.

வெள்ளிக்கிழமை சித்தூர் பட்ட பாடு சொல்லி முடியாது. முழங்கால்வரை கூந்தல் உள்ள ஒரு டீச்சருக்குக் கார்டு போயிருந்தது. மீசைக்குப் பேர்போன ரிடயர்டு இன்ஸ்பெக்டருக்குப் போயிருந்தது. மீசையும் அந்தக் கம்பெனிச் சரக்குதானா என்று வீதியில் பந்தயம் நடந்தது. சலூன்காரருக்கே போயிருந்தது. இரண்டு வக்கீல்கள் கோர்ட்டு வாசலில் ஒருவர் முடியை ஒருவர் இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள். குடுமி வைத்த அர்ச்சகர், “இதுக்கு மேல எங்க வெக்கறது?” என்று கார்டைத் தலையில் வைத்துக்கொண்டே கேட்டாராம்.

வெள்ளரிக்காய் வீட்டுக்கும் இன்னொரு கார்டு போயிற்று, ‘வீட்டுப் பெரியவருக்கு’ என்று. அந்த வீட்டுக்குப் பெரியவர் மாமியார்தான். போஸ்ட்மேன் படித்து முடித்ததும் அவர் கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வீதியில் இறங்கியிருக்கிறார்.

“பாருங்கடி! எனக்கு டோப்பாவாம்! இழுத்துப் பாருங்கடி யாராச்சும்! எந்தப் பேமானி எழுதினான்? அவன் கையில கட்டி வர!”

அப்போது என் கையிலிருந்த கொப்புளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கப் போன மாமியார், “உன்னைப்போயி சந்தேகப்பட்டேனே நைனா. நீயே தேச்சிக்கோ” என்று கிண்ணத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டாராம். அதைச் சொல்ல வந்த வெள்ளரிக்காய் உஷ் சாரின் காலில் விழுந்தார். டோப்பா கழன்று முன்னால் விழுந்தது. மூன்று பேரும் சிரித்தோம். மற்ற ஊர்களிலும் இதே வைத்தியம்தான். சூளூர்பேட்டைவரை போய்த் தபால்பெட்டியை நிரப்பினோம்.

ஆனால் மீசை இன்ஸ்பெக்டர் சும்மா இருப்பாரா? முதலாளிக்குப் புகார் போயிற்று. அவர் மெட்ராஸிலிருந்து கார் எடுத்து வருகிறார் என்று தெரிந்த அன்று, உஷ் சார் என்னை ஒரு குடையோடு ரேணிகுண்டாவுக்கு அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது முதலாளி போயிருந்தார். பின்வாசலில் இரண்டு கோணிகளில் வெள்ளைத் தூள். அலமாரி காலி. ஒரு தலைகூட இல்லை.

“இன்னா சார் இது?”

“நாளைக்கு இந்த நாற்காலியில யார் வருவானோ? எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன்.” உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சாவியை என் கையில் வைத்தார். “மறுபடி அளவு எடுத்துக்கோ. கேட்டு எடு.”

கார்டு எழுதியது தான்தான் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். வேலை போய்விட்டது.

மறுநாளே நான் மெட்ராஸுக்கு ரயிலேறி, முதலாளி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ரசீது, டிரங்குப் பெட்டி, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் என் தோளைத் தட்டினார்.

“அவர் சொல்லிட்டுத்தான் போனார். ‘அந்தப் பையன் தங்கமானவன், பழியைத் தன்மேல போட்டுக்க வருவான், நம்பாதீங்க’ன்னார். உன் மாதிரி ஆளுதான் எனக்கு வேணும். நீயே மேனேஜரா இரு.”

எத்தனை சொல்லியும் அவர் நம்பவில்லை. சொல்லச் சொல்ல என் மதிப்பு கூடிக்கொண்டே போயிற்று. ராஜினாமா செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் சம்பளத்தோடு உஷ் சாரைத் தேடிப் போனேன். சித்தூரில் ஒரு வெல்ல மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் நீட்டிய பணத்தைத் தொடவில்லை. வீட்டுக்குச் சாப்பிட வா என்றார். அவர் சம்சாரம் இலை போட்டு, சுடச்சுட மசால்வடை வைத்தார்.

“ஏன் நைனா, நீ அவருகூட வேலை செஞ்சவனாச்சே. அவ்ளோ நல்ல வேலையை எதுக்கு உட்டார்? கேட்டா வாயே தொறக்கமாட்டேங்கறார். யார்மேல தப்பு? நீயாச்சும் சொல்லேன்.”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். “அம்மா, அது வந்து…” என்று ஆரம்பித்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த உஷ் சார் என்னைப் பார்க்கக்கூட இல்லை. தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார்.

“அவனைச் சாப்பிட உடு. புள்ளை ரொம்ப இளைச்சிட்டான்.”