போலாரம் எழுதினால் பேய் வரும்

ஹைதராபாத்தின் சாஃப்ட்வேர் உலகில் வெறும் கீபோர்டாலேயே பெரிய ஆம்பிளைகளை அலறவைத்த ஒரே மனிதர் போலாரம்தான். சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. ஊர்க்கோடியில் இருக்கும் போலாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்ததால் ஆபீசில் அதுவே பெயராகிவிட்டது. பேச்சில் ஹைதராபாத் உருது கலக்கும்: ‘ஏன்’ என்பதற்குக் ‘கைக்கு’, ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’.

நாங்கள் எழுதும் புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது அவர் வேலை. மற்ற டெஸ்டர்கள் ‘பட்டன் வேலை செய்யவில்லை’ என்று எழுதுவார்கள். இவர், ‘பட்டனை அழுத்தினேன். பூட்டிய வீட்டைத் தட்டியதுபோல் இருந்தது. உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்’ என்று எழுதுவார்.

“என்ன நடக்கணும், என்ன நடந்துச்சு. ரெண்டு வரி போதும்யா” என்பார் மேனேஜர்.

“ரெண்டு வரியில பயம் வராது சார்.”

“பயம் எதுக்குய்யா வரணும்?”

“எனக்கு வந்துச்சே சார்.”

அப்போது ஓர் ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளின் விவரம் பதியும் புரோகிராம் செய்துகொண்டிருந்தோம். எப்போதாவது ஒருவரின் விவரப் பக்கத்தில் இன்னொருவர் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏன் என்றுதான் பிடிபடவில்லை. திங்கட்கிழமை அது ஆஸ்பத்திரியில் ஓடியாக வேண்டும். பெயர் மாறினால் ரத்தமும் மாறி ஏறும்.

சனிக்கிழமை மத்தியானம். எங்கள் கொண்டாப்பூர் ஆபீசில் நான் மட்டும். போலாரத்தின் குறிப்பைத் திறந்தேன்.

‘விவரத்தைப் பதிந்தேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் யாரோ நகத்தால் தகரத்தைச் சுரண்டினார்கள். சுரண்டல் ஓயுமுன் அடுத்த பக்கத்தைத் திறந்தேன். சூடான தூசியின் வாடை. காலி இடத்தில், கிணற்றில் மூழ்கியவள் தலை மேலே வருவதுபோல், ஒரு பெயர் எழுந்தது. யாதம்மா. போன வருஷம் இறந்தவள்.’

ஏசி என் பிடரியில் ஊதியது. இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனான நான், கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு அவருக்குப் போன் செய்தேன்.

“யோவ், யாருய்யா அந்த யாதம்மா?”

“ஆஸ்பத்திரில சோதனைக்குக் கொடுத்த பழைய பேர்ல ஒண்ணு பாஸ். கைக்கு பயப்படுறீங்க? பேய்னு நான் எழுதலையே.”

“பேய்னு எழுதியிருந்தா சிரிச்சிருப்பேன்.”

“நக்கோ, தனியா எதையும் தொடாதீங்க. வர்றேன்.”

ஊரின் மறுகோடியிலிருந்து வெயிலில் வந்து சேர்ந்தார். அவர் எழுதியிருந்தபடியே செய்தோம். பதிந்தோம். சுரண்டல் கேட்டது. அது ஓயுமுன் அடுத்த பக்கம். யாதம்மா மெதுவாக எழுந்தாள். நான் போலாரத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அவரோ கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் புத்தி வந்தது. சுரண்டுவது ஹார்டு டிஸ்க். முதல் விவரத்தை அது எழுதி முடிப்பதற்குள் அடுத்த பக்கத்தைத் திறந்தால், பழைய பெயர் ஒட்டிக்கொள்கிறது. சத்தம் ஓயும்வரை டீ குடித்துவிட்டு நிதானமாகத் திறக்கிற எனக்கு யாதம்மா எப்படித் தரிசனம் தருவாள்?

சாயங்காலத்துக்குள் சரிசெய்தோம். ‘சரிசெய்யப்பட்டது’ என்று போடவேண்டிய இடத்தில் என் கை, ‘வீட்டார் எல்லோரும் வந்து படுத்துவிட்டதுபோல் இப்போது அமைதியாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மேனேஜர்தான், “உனக்குமா தொத்திக்கிச்சு?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். போலாரம் என் வரியை இரண்டு முறை படித்தார். கண் கலங்கியிருந்தது. ஏசி காற்று என்றார். நானும் எழுந்து போய் ஏசியைக் குறைத்துவிட்டு வந்தேன்.