ஓபுயாவின் சிம்பா கட்டி முடித்த விவரம்

மொம்பாசா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் என் மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, மூத்த மகன் ஓலால் வணக்கத்துடன் எழுதுவது.

அம்மா சுகம். மாடுகள் சுகம். சின்னப் பசு மட்டும் வேலி தாண்டி ஒடேரோ பெரியப்பாவின் சோளத்தில் இறங்கிவிட்டது. இப்போது பசு சுகம், பெரியப்பாதான் சுகமில்லை. மழை தேவைக்கு மேல் பெய்கிறது. ஆண்டவர் அருளால் தங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று அம்மா எழுதச் சொன்னாள். இயந்திரத்தில் உட்காரும்போது நாற்காலியின் முதுகை நிமிர்த்தி வைத்தாலே போதும் என்று நான் எழுதுகிறேன். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி விஷயம்.

கிசுமுவில் ஐஸ் தொழிற்சாலையின் பெரிய கம்ப்ரஸரைக் கழற்றித் தரையில் பரப்பியிருந்த நேரத்தில், பஸ் கண்டக்டர் வாசலில் நின்று, "உன் தம்பி ஆம்பளையாயிட்டானாம், உடனே வரச் சொன்னாங்க உங்கம்மா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்திவிட்டுப் போனான். இதென்ன வியாதி என்று மேஸ்திரி கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கம்ப்ரஸரைத் திரும்பப் பூட்டி, விடுப்பு எழுதிக் கொடுத்து, வந்து பார்த்தால் நம் ஓபுயா நிற்கிறான். தாங்கள் அனுப்பிய கால்சட்டை முழங்காலுக்குக் கீழே வர மறுக்கிறது. குரல் இரண்டு ரேடியோ ஸ்டேஷனுக்கு நடுவில் முள்ளை நிறுத்தியதுபோல் இருக்கிறது. எதைக் கேட்டாலும் புருவத்தால் பதில் சொல்கிறான். களித்தட்டை வாங்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுகிறான். ராத்திரியானால் மாட்டுத் தரகர் ஓங்குடியின் மகன் தனியாகத் தூங்கும் குடிசைக்கு, அவன் சிம்பாவுக்கு, போய்ப் படுத்துக்கொள்கிறான். அந்த ஓங்குடி மகனோ பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஏரிக்கரைக்கு வலை இழுக்கப் போகிறேன், கூட யார் வருகிறீர்கள் என்று ஆள் திரட்டிக்கொண்டிருக்கிறான். அம்மாவின் பயம் இதுதான், வேறொன்றும் இல்லை.

"நேத்து வரைக்கும் என் இடுப்புத் துணியப் புடிச்சுக்கிட்டு சந்தைக்கு வந்தவன்டா. இப்ப, 'அம்மா வீட்டுல படுத்தா பசங்க சிரிக்கறானுங்க'ங்கறான். ஒரு நாள் அங்கேருந்து அப்படியே ஏரிக்குப் போயிட்டான்னா நான் என்னடா பண்ணுவேன்?"

நான் சொன்னேன், இதில் அழுவதற்கு எதுவும் இல்லை, பதினாலு வயதுப் பையனுக்கு முற்றத்தில் தனியாக ஒரு சிம்பா வேண்டும், கட்டிக் கொடுத்தால் அங்கே போய்ப் படுக்கிறான், ஓங்குடி வீட்டுக்கு ஏன் போகிறான், ஒரு வாரத்து வேலை. சொன்ன கையோடு குழியும் தோண்ட ஆரம்பித்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார்.

"என்னடா தோண்டற?"

"தம்பிக்குச் சிம்பா, பெரியப்பா."

"மூத்தவன் நீ. உன் சிம்பா எங்க?"

"நான் கிசுமுல இருக்கேன். கரண்டு இருக்கு, குழாயில தண்ணி வருது."

"அது வாடகைக்காரன் கூடு. உங்கப்பன் முற்றத்துல உன் வீடு எங்கன்னு கேட்டேன்."

"எப்பவோ ஒரு தடவ வர்றவனுக்கு வீடு எதுக்கு?"

"அப்ப தம்பிக்கும் கிடையாது. மூத்தவன் கதவு நிக்காம சின்னவன் கதவு நிக்கக்கூடாது. ரெண்டு பேருக்குமே ஆகாது. சந்தேகம்னா உங்கப்பனுக்கு எழுதிக் கேளு."

கேட்டால் தாங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். "பெரியப்பா சொன்னபடி செய்." எனவே தபால் செலவு வேண்டாமென்று நான்கு கால் நட்டு, மேலே ஒரு தகரத்தைப் போட்டு, இதுதான் என் சிம்பா, மூத்தவன் கணக்குத் தீர்ந்தது என்றேன். பெரியப்பா குனிந்து உள்ளே பார்த்தார். "நல்லாருக்கு. முட்டை எப்ப வைக்கும்?" என்று கேட்டார். அம்மா அடுப்படியில் சிரித்த சிரிப்பில் களி அடிப்பிடித்துவிட்டது.

சரி என்று முறைப்படி எனக்கொரு வீடு கட்டத் தீர்மானித்தேன். வரைபடம் போட்டேன். மூத்தவன் வீடு வலப்பக்கம், இளையவன் வீடு இடப்பக்கம் என்பது எனக்கும் தெரியும், அவ்வளவு கூடத் தெரியாதவன் இல்லை. அந்த வாரம் பெரியப்பா உகேன்யாவில் ஒரு சாவுக்குப் போய்விட்டார். சாவு என்றால் தாங்கள் அறிவீர்கள், புதைத்து, விருந்துண்டு, சொந்தக்காரர்களோடு சண்டை போட்டு, சமாதானமாகி, அப்புறம்தான் திரும்புவார். குறுக்கீடில்லாமல் வேலை ஓடியது.

ஓபுயாவை உதவிக்கு இழுத்தேன். முதல் நாள் மரம்போல் நின்றான். கம்பைப் பிடி என்றால் புருவம். மண்ணை மிதி என்றால் புருவம். எனக்குப் பொறுமை கிடையாது என்பதைத் தாங்கள் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள். ரசமட்டத்தை அவன் கையில் திணித்து, "குமிழி நடுவுல நிக்காட்டி என்னைக் கூப்பிடு, அதுவரைக்கும் அந்த மூஞ்சிய எங்கிட்டக் காட்டாத" என்றேன். அவ்வளவுதான், அப்பா. வாய் திறந்துவிட்டது. "அண்ணே, குமிழி அந்தப் பக்கம் ஓடுது." "அண்ணே, நீ நட்ட காலு குடிச்சிருக்கு." "அண்ணே, டிப்ளமால இதெல்லாம் சொல்லித் தரலியா?" நான் நட்ட இரண்டு காலைப் பிடுங்கித் திரும்ப நட வைத்தான். ரசமட்டத்தை வைத்துக்கொண்டு அம்மாவின் முக்காலியையும், அம்மியையும், கடைசியில் ஞாயிற்றுக்கிழமை போதகரின் மேசையையும் அளந்து பார்த்துவிட்டு, இந்த ஊரில் நேராக இருப்பது தான் ஒருவன்தான் என்று அறிவித்தான். சாயங்காலம் உடம்பெல்லாம் மண்ணோடு வந்து, பொடிமீன் குழம்பில் களியைப் புரட்டித் தின்றுவிட்டு, கைகூடச் சரியாகக் கழுவாமல் அம்மா வீட்டுத் தரையிலேயே விழுந்து தூங்கினான். ஓங்குடி மகன் வேலியோரம் வந்து விசிலடித்துப் பார்த்தான். உள்ளேயிருந்து குறட்டைதான் பதில் சொன்னது.

சுவர் எழும்பி, தகரம் ஏறிய அன்றைக்குப் பெரியப்பா சாவு வீட்டிலிருந்து திரும்பினார். முற்றத்துக்கு வந்து நின்று பார்த்தார். என் இரண்டு தோளையும் பிடித்து, அம்மா வீட்டு வாசற்படியில் கொண்டுபோய் நிறுத்தி, வெளிவாசல் படலைப் பார்க்கத் திருப்பினார்.

"வலது கையத் தூக்கு."

தூக்கினேன். அந்தப் பக்கம் வெறும் புல், அதில் நம் பசு மேய்ந்துகொண்டிருந்தது.

"உன் வீடு எந்தக் கைப்பக்கம் இருக்கு?"

தப்பு எங்கே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எந்த வரைபடத்திலும் வாசற்படலைக் கீழே போட்டு, உள்ளே நுழைகிறவன் கண்ணால்தான் வலம் இடம் பார்ப்போம். கல்லூரியில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் நம் முற்றத்தை வெளியிலிருந்து வருகிறவன் பார்ப்பதில்லை, வீட்டு வாசலில் நின்று அம்மாதான் பார்க்கிறாள். ஆக, என் வீட்டை நான் என் கையாலேயே தம்பியின் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறேன். மூத்தவன் வீடு எழும்பும் முன்பே இளையவன் வீடு தகரத்தோடு நிற்கிறது! ஓபுயாவுக்கு ஒரே குதி. "அப்ப இது எனக்கா? அண்ணே, நீ எனக்குக் கட்டியிருக்கியா?" பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில், இடிக்க வேண்டாம், கதவு மாட்டாதவரை அது வீடு இல்லை, நிழல்தான், மூத்தவன் வீட்டை வலப்பக்கம் கட்டி அதற்கு முதலில் கதவு மாட்டட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் அம்மாவிடம் போனேன். "தெனமும் இந்த வாசல்ல நின்னுதான பாத்துக்கிட்டிருந்த. உனக்குத் தெரியலியா?"

"மொதல் குழிலயே தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? வேலை நடக்கற வரைக்கும் எம்புள்ள வீட்டுல தூங்கறான்." இதைச் சொல்லிவிட்டு அம்மா கீரை ஆயப் போய்விட்டாள்.

இப்படிப்பட்ட நிர்வாகத்தில் எந்த வேலையாவது உருப்படுமா என்று தாங்களே சொல்லுங்கள். விடுப்பை நீட்டி, இன்னொரு வீட்டைக் கட்டினேன். கதவு மாட்டினேன். முறைப்படி ஓர் இரவு அதில் படுத்து எழுந்தேன். கொசு தவிரக் குறையில்லை. பிறகு ஓபுயாவின் சிம்பாவுக்குக் கதவு. மிச்சமிருந்தது சுவருக்கும் தரைக்கும் சாணம் மெழுகுவது மட்டும். அது அம்மா வேலை. அரை நாளில் முடிய வேண்டியது, அம்மா முடிக்கவே இல்லை. இன்று ஒரு முழம் மெழுகுவாள், நாளை வந்து, ஐயோ வெடிச்சுப்போச்சு என்று அதைச் சுரண்டுவாள். ஈரம் காயலை என்பாள். காய்ந்தால், ரொம்பக் காஞ்சுபோச்சு என்பாள். நான் விளக்கைப் பிடித்து அந்த வெடிப்பைப் பார்த்தேன்.

"அம்மா, இது வெடிப்பு இல்ல. உன் நகம்."

"பெரிய இஞ்சினியரு! சாணத்தப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"

"நீதானம்மா வரச் சொன்ன? ஓங்குடி வீட்டுல போய்ப் படுக்கறான்னு நீதான அழுத?"

அம்மா சாணிக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கேட்டாள்: "அவன் ராத்திரி இருமினா, அங்கேருந்து எனக்குக் கேக்குமாடா?"

இதற்கு விவாதம் எதற்கு, சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. ஓபுயாவைச் சிம்பாவுக்குள் நிறுத்திக் கதவைச் சாத்தினேன். அம்மாவை அடுப்படியில் உட்கார வைத்தேன். நான் முற்றத்துக்கு நடுவில் நின்றுகொண்டேன்.

"இருமுடா!"

இருமினான்.

"கேட்டுச்சா?"

"இல்லியே."

"பலமா இருமுடா!"

அவன் இருமியதில் கோழிகள் கலைந்து ஓடின.

"இப்ப?"

"எது?"

மூன்றாவது முறை அவன் அடிவயிற்றிலிருந்து இருமினான், அப்பா. பெரியப்பா ஒரு கைப்பிடி மூலிகையோடு வேலியைத் தாண்டிக் குதித்து, "யாருக்குடா? நோய இவ்வளவு முத்த விட்டுட்டு வேடிக்கையா பாக்கறீங்க? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கடா!" என்று கூப்பாடு போட்டார். அம்மா பானையைக் கிளறிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள். துடுப்பு பானையில் இல்லை, அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தது.

அப்போது ஓபுயா தானே கதவைத் திறந்துகொண்டு வந்தான். இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து, நீர் வழிந்தது. என்னையும் பெரியப்பாவையும் தாண்டி நேராக அடுப்படிக்குள் போய், அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். பல மாதமாக அவன் உட்காராத இடம். அந்த இரண்டு ஸ்டேஷன் குரலில் சொன்னான்:

"அம்மா, இருமல் வந்தா நானே எழுந்து வந்து உன் பக்கத்துல இருமறேன். போதுமா?"

அம்மா துடுப்பால் அவன் முதுகில் ஒன்று போட்டாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் புகை என்று கண்ணைத் துடைத்தாள். மறுநாள் சூரியன் ஏறுவதற்குள் தரை, சுவர் எல்லாம் மெழுகி முடித்து, வாசலில் விரலால் அலை அலையாகக் கோலமும் இழுத்துவிட்டாள்.

இன்று ஞாயிறு. கோயிலிலிருந்து வந்ததும் பெரியப்பா ஜெபம் செய்தார். அந்த ஜெபத்தில் வலது கை எது என்று அறியாத பிள்ளைகளுக்கு ஞானம் தரும்படியும் ஒரு வரி வந்தது. ஓபுயா பாயையும் விளக்கையும் பள்ளிப் புத்தகங்களையும் சுமந்துகொண்டு தன் சிம்பாவுக்குள் நுழைந்தான். ஓங்குடி மகன் வியாழக்கிழமையே ஏரிக்குப் போய்விட்டான், தனியாக. பயந்தது நடக்கவில்லை. எல்லாம் முடிந்தது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் கிசுமு திரும்புகிறேன். என் வீட்டில் அம்மா சோளம் கொட்டி வைக்கட்டும். தாங்கள் இதற்காகச் சிரமப்பட்டு விடுப்புக் கேட்க வேண்டியதில்லை, டிசம்பரில் கிடைத்தால் வாருங்கள், கிடைக்காவிட்டாலும் இங்கே ஒன்றும் நின்றுபோகாது.

தங்கள் கைக்கும் முதுகுக்கும் ஆண்டவர் பலம் தரட்டும். தாங்கள் தூக்கும் பாரம் எதுவும் நழுவாமல் இருக்கட்டும். அம்மாவும் பெரியப்பாவும் தங்களைக் கேட்டதாகச் சொன்னார்கள்.

தங்கள் மூத்த மகன்,
ஓலால்

பின்குறிப்பு: திங்கள் காலை. பஸ் போய்விட்டது, நான் போகவில்லை. மேலே எழுதியதில் எல்லாம் முடிந்தது என்று இருக்கும் இடத்தைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். நேற்று விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் ஓபுயா பாயைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். என்னடா, சிம்பாவில் என்ன குறை என்று கேட்டேன். "ஒரு குறையும் இல்லண்ணே. அப்பா வந்து பாத்து, சரின்னு சொல்லட்டும். அப்புறம் படுக்கறேன்." பெரியப்பாதான் பார்த்துவிட்டாரே என்றேன். "அவரு உன் தப்பத்தான் பாத்தாரு. என்னைப் பாக்கல. போன டிசம்பரும் அப்பா வரல. நான் எங்க வரைக்கும் வளந்திருக்கேன்னு அவருக்குத் தெரியாதில்ல?" பாயை என் வீட்டிலேயே விரிக்கச் சொன்னேன். ஆகவே டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம்; இந்தக் கடிதம் கிடைத்ததும் புறப்படுங்கள். நானும் தொழிற்சாலைக்கு மறுபடி விடுப்பு எழுதிவிட்டேன், வேலை போனாலும் போகட்டும். அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒரு கால் என் மடிமேல் கிடக்கிறது, மற்றது கதவைத் தாண்டி வெளியே கிடக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.