எம் சைஸ் இடுப்பு

உங்கள் இடுப்பளவு வெளிநாட்டில் யாருக்காவது தெரியுமா? சாரதாமணியின் இடுப்பளவு ஜெர்மனியில் நான்கு பேருக்குத் தெரியும். அவள் குடியிருந்த லைன் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அவள் வேலை அப்படி. கணியூரிலிருந்து வந்து, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். சரக்கு வாங்கும் ஜெர்மன் பையருக்குப் புது மாடல் தைத்தால், அதை முதலில் போட்டுக்கொண்டு நிற்பவளும் அவள்தான். பையர் கேட்கும் எம் சைஸ் அவள் உடம்பில் அப்படியே இருந்தது. இடுப்பு இருபத்தெட்டு இஞ்ச். அதற்காகவே அவளுக்கு அங்கே ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள்.

அதற்கு முன் அவள் செக்கிங்கில் இருந்தாள். செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்றுகொண்டுதான் துணி பார்க்க வேண்டும். மாதாமாதம் அந்த நாட்களில் வலி தாங்காமல் டேபிளுக்கு அடியிலேயே சுருண்டு படுத்துவிடுவாள். அங்கே படுப்பதற்கு அனுமதி இல்லை. ஆக, எம் இருக்கும் வரைக்கும் நாற்காலி. எம் போனால் நிற்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை, துணிக்கு அளவு வரையும் பேட்டர்ன் மாஸ்டர் சென்னியப்பன் அவள் இடுப்பில் டேப்பைச் சுற்றினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சுற்றினார்.

"ஏங்கண்ணு, முப்பதரை காட்டுது?"

"நாளைக்கு எனக்கு நாளுங்க மாஸ்டர். வயிறு ஊதிக்கிச்சு."

"போன மாசம் இப்படி இல்லியே?"

"மாசா மாசம் இப்படித்தானுங்க. நீங்க அந்த நாள்ல அளந்ததில்ல."

பையரோடு பேசும் மெர்ச்சண்டைசர் அருள்குமார் டீ கிளாஸோடு வந்தார்.

"வியாழக்கிழமை வீடியோ கால்ல ஃபிட்டு பாக்கறாங்க. இது பி.பி. பேண்ட்டு, தெரியுமில்ல?"

பி.பி. என்றால் மொத்தச் சரக்கைத் தைப்பதற்கு முன் பையருக்குக் காட்டும் கடைசி சாம்பிள். திருப்பூரில் இது டீக்கடைக்காரருக்கும் தெரியும்.

"அதுக்குள்ள நீங்க எம் ஆகோணும். இல்லீன்னா செக்கிங்ல இருந்து வேற புள்ளயக் கூப்புட்டுக்கறேன். நீங்க அங்க போயிருங்க. கோவிச்சுக்காதீங்க."

கோவிச்சுக்காதீங்க என்று அவர் சொல்லிவிட்டதால் சாரதாமணி கோபித்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா சொன்னதை அப்படியே எல்லோருக்கும் விளக்கினாள். வியாதிக்குப் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு மாதிரி ஒன்று வெளியேயும் வளர்ந்துவிடுகிறது. அதனால்தான் அந்த வலி. வயிறு ஊதுவது வேறு, கொழுப்பு வேறு. மாத்திரை ஆரம்பித்த பிறகு எடை கொஞ்சம் ஏறியது. அதை அவள் தினமும் நடந்தே பிடித்து வைத்திருந்தாள். பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

செக்‌ஷன் முழுவதும் கவனமாகக் கேட்டது. கேட்டு முடித்ததும், டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார் என்று புரிந்துகொண்டது.

"கொள்ளு ரசம் குடி புள்ள" என்றார் சாம்பிள் டெய்லர் ஜுபைதா. "கொள்ளுத் திங்கற குதிரையப் பாரு, எங்கியாச்சும் தொப்பை இருக்கா?"

"குதிரைக்கு மாசமாசம் வயித்து வலி வருமாக்கா?"

"விசாரிச்சுச் சொல்றேன். மொதல்ல குடி."

குடித்தாள். மறுநாள் டேப் முப்பத்தொன்று காட்டியது. ரசம் முழுவதும் காற்றாக மாறியிருந்தது.

அன்று மதியச் சாப்பாட்டை நிறுத்தினாள். வெறும் வயிற்றில் வலி மாத்திரையைப் போட்டாள். கட்பீஸ் மூட்டைக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தாள். டேப் அதே முப்பத்தொன்றில் நின்றது.

புதன்கிழமை ஜுபைதா தன் பிரசவத்துக்குப் பிறகு கட்டிய பெல்ட்டைக் கொண்டுவந்தார். இரண்டு பேர் இழுத்துக் கட்டினார்கள்.

"இருபத்தொம்பது!" என்றார் அருள்குமார். "அப்படியே நில்லுங்க. பேச முடியுதுங்களா?"

முடியாது என்று சாரதாமணி கையைக் காட்டினாள்.

"பேச வேண்டாம். பையருக்கு இடுப்புத்தான் வேணும்."

அந்த நேரம் பார்த்துப் பஞ்சு மூக்கில் ஏறியது. சாரதாமணி தும்மினாள். பெல்ட்டின் கொக்கி தெறித்து எங்கோ போனது. எங்கே போனது என்பது அருள்குமார் டீயைக் குடித்து முடித்ததும் தெரிந்தது.

அவர் கிளாஸைக் கழுவப் போனார். சாரதாமணி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மாஸ்டர், நான் செக்கிங்குக்கே போயிடறனுங்க."

"அங்க நிக்க முடியுமா உன்னால?"

"முடியாதுங்க."

சென்னியப்பன் பேண்ட்டைக் கையில் எடுத்தார்.

"உன்ற உடம்ப மாத்த என்னால முடியாது கண்ணு. பேட்டர்ன மாத்தறேன்."

இடுப்பில் மூன்று இஞ்ச் விட்டார். இறுக்கமான எலாஸ்டிக்கைப் பிடுங்கிவிட்டு, அகலமாக மெத்தென்று ஒரு ரிப் துணிப் பட்டை வைத்தார். எம் லேபிளை மட்டும் அப்படியே விட்டார். சாரதாமணி போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து விட்டாள்.

"மாஸ்டர், வயித்த எதுவுமே அமுக்கலீங்க. இந்த நாள்ல இப்படி உக்காந்ததே இல்லீங்க நானு."

"வெளிய சொல்லாத. சத்தியமா இது எம் இல்ல."

அருள்குமார் வந்து பார்த்தார். பேண்ட் கச்சிதமாக இருந்தது. முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போட்டோ எடுத்து ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்.

"பாத்தீங்களா, கொள்ளு ரசம் வேலை செஞ்சிருச்சு" என்றார்.

வியாழக்கிழமை கால் வரவில்லை. ஜெர்மனியில் ஏதோ லீவு. ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள்.

அந்த ஒரு வாரத்தில் சாரதாமணியின் நாட்கள் முடிந்தன. வயிறு தானாக வடிந்தது. கால் வரும் அன்று காலையில் டேப் இருபத்தெட்டு காட்டியது. சாரதாமணி சந்தோஷமாகப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கைய எடுங்க" என்றார் அருள்குமார்.

"வேண்டாமுங்க."

"ஃபிட்டு பாக்கோணுமில்ல, எடுங்க."

"எடுத்தா ஃபிட்டு கீழ போயிருமுங்க."

அருள்குமார் தலையில் கைவைத்தார். "போட்டோல கச்சிதமா இருந்துச்சே? இப்ப மூணு இஞ்ச்சுக்கு எங்க போறது?"

ஜுபைதா ஊத்துக்குளி வெண்ணெய் தடவிய பன் நான்கு, உருளைக்கிழங்கு போண்டா ஒரு தட்டு, சோடா இரண்டு பாட்டில் வரவழைத்தார்.

"ஊது புள்ள. போன வாரம் ஊதுனியே, அதே மாதிரி ஊது."

சாரதாமணி எல்லாவற்றையும் சாப்பிட்டாள். ஒரு ஏப்பம் விட்டாள். டேப் இருபத்தெட்டு காட்டியது.

"போன வாரம் தண்ணியக் குடிச்சாலே ஊதுச்சுங்களே" என்று வருத்தப்பட்டாள். வீங்காததற்காக அவள் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வேறு வழியில்லாமல் சென்னியப்பன் பேண்ட்டை அவசரமாகப் பிரித்து, பழைய அளவுக்கே பிடித்து, பழைய எலாஸ்டிக்கைப் போட்டுத் தைத்தார். கால் வந்தபோது சாரதாமணி துல்லியமான எம்மாக நின்றாள்.

லேப்டாப் திரையில் பையர் கம்பெனியின் ஜெர்மன் அம்மா அவளைப் பார்த்தார். கையில் இருந்த போட்டோவைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். முகம் வாடியது.

"பெயின்?" என்று கேட்டார்.

"ஃபைன் மேடம், ஃபைன்" என்றார் அருள்குமார்.

"நோ பெயின்?"

"வெரி ஃபைன் மேடம்."

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். நாளைக் காலையில், பையருக்காக இங்கே வேலை பார்க்கும் பையிங் ஆபீஸிலிருந்து ஆள் வந்து நேரில் பேசுவார் என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அருள்குமார் லேப்டாப்பை மூடினார்.

"ஆர்டர் போச்சுங்க. நாளையில இருந்து நீங்க செக்கிங். கோவிச்சுக்காதீங்க."

மறுநாள் காலை சாரதாமணி செக்கிங் டேபிளில் நின்றாள். அவள் நாற்காலியில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் இருபத்தெட்டு. பையிங் ஆபீஸ் சித்ரகலா வந்து, சென்ற வாரத்துப் போட்டோவை மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பொண்ணு எங்கங்க?"

"அது தப்பா அனுப்புன போட்டோங்க மேடம்" என்றார் அருள்குமார். "அப்ப வயிறு கொஞ்சம் ஊதியிருந்துச்சு. எல்லாம் சரி பண்ணிட்டமுங்க. அதுக்கும் மேல, ஆளையே மாத்திட்டமுங்க."

"அவங்க செக்கிங்ல நிக்கறாங்க" என்றார் சென்னியப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு.

சித்ரகலா அருள்குமாரையும் மாஸ்டரையும் புதுப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாசா மாசம் ஊதற அந்த வயித்துக்குத்தானுங்க இந்தப் பேண்ட்டே. அவங்களக் கூட்டிட்டு வந்து மொதல்ல சேர்ல உக்கார வெய்ங்க. இந்த ஆர்டர்ல பி.பி.ன்னா பீரியட் பேண்ட்டுங்க."