கிரீம் கம்பெனியில் ஒரு சம்பளப் பேச்சு

"இந்தக் கவர் எனக்கு எதுக்குண்ணே?" என்று கேட்டுவிட்டு, கெமிஸ்ட் அதை மேசைமேலேயே வைத்தாள்.

மூன்றாவது முறையாகக் கவர் திரும்பி வந்தது. இத்தனைக்கும் போன தடவையைவிடப் பணத்தைக் கூட்டித்தான் போட்டிருந்தார் முதலாளி.

"உள்ள எவ்வளவு இருக்குன்னாவது பாரும்மா."

"வேணாம்ணே. நானே இதைப் பத்தி உங்ககிட்ட பேசணும்னு இருக்கேன்."

"என்ன பேசணும்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். "மெழுகு உருகிடுச்சு. அப்புறம் பேசலாம்."

துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, வீட்டின் பின்னறையில் இயற்கை அழகுப்பொருள் தொழில் ஆரம்பித்த மனிதர் அவர். கணக்கு வராது, கூச்சம் மட்டும் தாராளமாக வரும். அவரே காய்ச்சிய முதல் கிரீமில் மேலே எண்ணெய் நின்றது, கீழே தண்ணீர் நின்றது, நடுவில் அவருடைய சேமிப்பு மிதந்தது. அப்போது வந்தவள்தான் இந்தக் கெமிஸ்ட். மனைவியின் சிநேகிதி, மருந்துக் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். இரண்டே நாளில் எண்ணெயையும் தண்ணீரையும் சமாதானம் பண்ணி வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஓடிவிட்டது. "முதல்ல கம்பெனி கால் ஊனட்டும்ணே" என்று சொல்லிச் சொல்லி, பஸ் காசு தவிர அவள் எதுவும் வாங்கியதில்லை. போன வாரம் ஒரு பெரிய கம்பெனி அவளைக் கூப்பிட்டிருக்கிறது என்று மனைவி சொன்னாள். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கவர்ல போட்டு நீட்டினா யாரு வாங்குவா? மொய்யா வைக்கிறீங்க?" என்றாள் மனைவி. "ஒரு டப்பாவுக்கு இவ்வளவுன்னு பேசுங்க. விக்க விக்க அவளுக்கும் வரும்."

மறுநாள் அப்படியே பேசினார். கெமிஸ்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அப்படின்னா டப்பாவைப் பெருசாக்கிடலாம்ணே. நாலு விக்கிற இடத்துல ஒண்ணு வித்தா போதும்."

"அதுல உனக்குத்தானேம்மா நஷ்டம்?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

குத்திக் காட்டுகிறாள் என்று முடிவு கட்டினார். அன்று சாயங்காலமே ஸ்கூட்டரை விற்று, அந்தப் பணத்தையும் கவருக்குள் திணித்தார். கவர் வாயை மூட மறுத்தது.

"வாசல்ல ஸ்கூட்டரைக் காணோமே?" என்றாள் கெமிஸ்ட்.

"அது கிடக்கட்டும். இதைப் பிடி."

"ஐயோ அண்ணே, நாளைக்கு முப்பது கடைக்குச் சரக்கு போகணுமே!"

முப்பது கடைக்கும் பஸ்ஸிலேயே கிளம்பினார். மடியில் டப்பாப் பை, ஜன்னலோர வெயில். பன்னிரண்டாவது கடையில் மூடியைத் திறந்த கடைக்காரர், "இது பூசுறதா, குடிக்கிறதா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கெமிஸ்ட் அத்தனையையும் மறுபடி காய்ச்சினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, வந்ததும் வராததுமாகப் பையைத் தோளில் மாட்டினாள்.

"ஒருத்தரைப் பாத்துட்டு வந்துடறேண்ணே."

"யாரைம்மா?"

"வந்து சொல்றேன். இதுக்கு மேல தள்ளிப்போட முடியாது."

பெரிய கம்பெனியேதான்! அவள் போய் ஒரு மணி நேரம் பின்னறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு, போட்டிருந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், தொழிலுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த ஆடிட்டரிடம் ஓடினார்.

"சார், கம்பெனியில சரிபாதி கெமிஸ்ட் பேருக்கு எழுதிடுங்க. இன்னிக்கே. அவ போயிட்டா எனக்குத் தொழிலே இல்ல."

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லைசென்சுக்குக் கையெழுத்து போட்டப்போ அந்தப் பேப்பரையெல்லாம் படிச்சீங்களா?"

"நீங்க விரல் வெச்ச இடத்துல போட்டேன். ஏன் சார்?"

ஆடிட்டர் ஒரு ஃபைலைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"கெமிஸ்ட்ரி படிச்சவங்க பேருல போட்டா சீக்கிரம் கிடைக்கும்னு கம்பெனி மொத்தத்தையும் அவங்க பேருலதான் பதிஞ்சிருக்கு; உங்களை மாதிரியே படிக்காம கையெழுத்து போட்டவங்க, அது தெரிஞ்சதுலேர்ந்து பாவம் ஒரு மாசமா முழிச்சுட்டு, இப்பத்தான் வந்து, உங்களுக்கு நியாயமா எவ்வளவு சம்பளம் குடுக்கலாம்னு கேட்டுட்டுப் போறாங்க."