வாரும் தாரமும்

செப்டம்பர் முதல் ஞாயிறு, காலைச் சாப்பாட்டு மேஜையில் வெர்லின் ஹாட்ச்சர் ஒரு பிரகடனம் வெளியிட்டான்.

"இந்த வருஷமும் கைத்துப்பாக்கியாலதான் மான் அடிப்பேன். நீளத் துப்பாக்கியை விரலாலகூடத் தொடமாட்டேன்."

பிரகடனத்தைக் கேட்க அங்கே இருந்தது அவன் மனைவி ஒலீட்டா மட்டும்தான். அவளும் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இப்ப உங்களைத் தொடச் சொன்னது?"

"ஹார்லன் சொல்றான். போன வருஷம் நாப்பது அடியில நின்ன மானைக் கோட்டை விட்டேனாம். வயசாயிருச்சாம். அன்னிக்குக் காத்து அடிச்சுது. அது அவனுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு இலைகூட அசையலைன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க?"

"மான் விட்ட மூச்சுக் காத்து."

ஒலீட்டா காபியை ஊற்றி வைத்தாள். அரைக் கோப்பைதான் ஊற்றினாள். கோடைக்காலம் முழுக்க அவள் அரைக் கோப்பைதான் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அது ஏன் என்று வெர்லினுக்குத் தோன்றவே இல்லை. காபித்தூள் விலை ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

உண்மை என்னவென்றால், வெர்லினுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் ஒருநாள் கொட்டகைக் கதவில் திருகாணி முடுக்கும்போது முதலில் கவனித்தான். திருப்புளி திருகாணியின் தலையைத் தேடித் தேடி அலைந்தது. அவனுக்கு அறுபத்திரண்டு வயது. ஒஹையோ மாநிலத்தின் தென்கிழக்குக் குன்றுகளில் பிறந்து வளர்ந்தவன். அந்தப் பக்கத்து ஆண்கள் கால் முறிந்தால் சொல்வார்கள்; மற்றபடி உடம்பைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

அவன் அப்பா எம்மெட்டுக்கும் இப்படித்தான் கை நடுங்கியது. கடைசி ஆறு வருஷம் கரண்டி வாய்க்குப் போகிற வழியிலேயே சூப் எல்லாம் சட்டையில் கொட்டிவிடும். வெர்லின்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினான். எம்மெட் ஒரு டாக்டரிடமும் போகவில்லை. போனால் அந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள் என்று பயம். அந்தப் பயத்தை நிலத்தோடு சேர்த்து மகனுக்கு எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே கைத்துப்பாக்கியைக் கீழே வைப்பது என்றால், இது வெறும் துப்பாக்கி சமாச்சாரம் இல்லை. ஊரே ஏன் என்று கேட்கும். வெர்லினே தன்னை ஏன் என்று கேட்டுக்கொள்ள வேண்டிவரும்.

முடிவெட்டும் கடையில் காத்திருந்தபோதுதான் வழி கிடைத்தது. ஒரு பழைய வேட்டைப் பத்திரிகையில் ஒரு படம். துப்பாக்கிப் பிடியின் அடியில் ஒரு தோல்வார். அது கழுத்தையும் தோளையும் சுற்றி வருகிறது. இரண்டு கையாலும் துப்பாக்கியை முன்னால் தள்ள வேண்டும். வார் பின்னால் இழுக்கும். தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் நடுவே கை அசையாமல் நின்றுவிடும். வெர்லின் அந்தப் பக்கத்தை மெதுவாகக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். கிழிக்கிற சத்தம் கேட்காமல் இருக்க மூன்று தடவை இருமினான்.

தோல்வாருக்கு எங்கே போவது? பரணில் ஒலீட்டாவின் அக்கார்டியன், தோளில் மாட்டி வாசிக்கிற துருத்திப் பெட்டி, கிடந்தது. அவள் கல்யாணமான புதிதில் வாசித்தது. அகலமான, மெத்தென்ற வார் இரண்டு. ஒன்றை மட்டும் கழற்றிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து தினமும் கொட்டகைக்குப் பின்னால் பயிற்சி. இருபத்தைந்து அடியில் காகிதத் தட்டு. முதல் நாள் வார் குட்டையாகிவிட்டது. துப்பாக்கியை நீட்டினால் தலை கூடவே குனிந்து வணக்கம் போட்டது. இரண்டாம் நாள் நீளமாகிவிட்டது; முழங்கால் வரை தொங்கியது. மூன்றாம் நாள் பக்கத்துப் பண்ணைக்கார ஹார்லன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"என்னய்யா, கழுத்துல சுருக்கு மாட்டிக்கிட்டு நிக்கிறே? வீட்ல ஏதும் சண்டையா?"

"இது வார்யா. துப்பாக்கிக்கு."

"கட்டி வைக்கலைன்னா ஓடிப்போயிருமா?"

"போய் உன் மாட்டைப் பாரு."

"மாட்டுக்கும் இதே மாதிரிதான் கட்டியிருக்கேன். ஆனா அது என்னைச் சுடாது."

ஹார்லன் போனபிறகு வெர்லின் ஒரு துளை தள்ளிப் பூட்டினான். தோளைத் தாழ்த்தி, மூச்சைப் பாதி விட்டு, கையை முன்னால் தள்ளினான். வார் விறைத்தது. அதிர்கிற தந்தியை யாரோ விரலால் தொட்டு அமர்த்தினதுபோல நடுக்கம் நின்றுவிட்டது. அவன் சுடவில்லை. சும்மா அப்படியே நின்று தன் கையைப் பார்த்தான். ஐந்து மாதமாக அந்தக் கை அவனுடையதாக இல்லை. இப்போது திரும்பி வந்திருந்தது. அன்று ஆறு குண்டில் ஐந்து தட்டுக்குள் விழுந்தது. வீட்டுக்குள் நுழையும்போது சீட்டியடித்துக்கொண்டே போனான்.

"வேலி சரி பண்ணிட்டீங்களா?" என்றாள் ஒலீட்டா.

"பண்ணிட்டேன்."

"வேலி நல்லாச் சத்தம் போடுதே."

"ஆணி பெருசு."

அக்டோபரில் ஒருநாள் அவள் பரணிலிருந்து இறங்கி வந்தாள். வந்த கையோடு மேஜையில் ஒரு அட்டையை வைத்தாள். வேட்டைக்காரர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சியில் தேறியதற்கான சான்று. மேலே அவள் பெயர்.

"என்ன இது?"

"நாலு சனிக்கிழமை சர்ச்சுப் பொம்பளைங்களோட மெத்தைவிரிப்புத் தைக்கப் போறேன்னு சொன்னேன்ல? தைக்கலை."

பொய் சொல்லிவிட்டுப் போனதற்குத் திட்டலாம் என்றால், அவன் கணக்கில் வேலியும் ஆணியும் இருந்தன.

"என் அக்கார்டியனுக்கு ஒரு கை போயிருச்சு. பரவாயில்ல. அந்த வார்ல சுடறது எப்படின்னு எனக்கும் சொல்லிக் குடுங்க."

"உனக்கு எதுக்கு வார்?"

ஒலீட்டா தலையைக் குனிந்துகொண்டாள். "கை நடுங்குதுங்க. வயசாகுதுல்ல."

வெர்லினுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. பாவம், இவளுக்குமா? அதோடு, வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. உலகத்தில் தனியாக நடுங்க வேண்டியதில்லை. வாத்தியாராக வேறு ஆகலாம்.

பாடம் தொடங்கியது. ஒலீட்டா ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தாள். இப்படி ஒரு சிஷ்யை எந்த வாத்தியாருக்குக் கிடைப்பாள்? அவன் குறி வைக்கச் சொல்லிக்கொடுத்தான், அவள் குறிப்பெடுத்தாள்.

"நடுக்கத்தோட சண்டை போடக் கூடாது, ஒலீட்டா. இறுக்கிப் பிடிச்சா அதிகமாத்தான் ஆகும். வார் மேல சாய்ஞ்சுக்கணும். அது பாத்துக்கும்."

"சாய்ஞ்சுக்கணும். எழுதிக்கிட்டேன். காலையில அதிகமா இருக்குமா, சாயங்காலமா?"

"காலையில. காபி குடிச்சா இன்னும் ஆடும்."

"சும்மா இருக்கும்போது நடுங்குமா, எதையாவது எடுக்கும்போதா?"

"எடுக்கும்போதுதான். மடியில கிடந்தா பச்சைப்புள்ள மாதிரித் தூங்கும்."

"எந்தக் கையில ஆரம்பிக்கும்?"

"வலது. ரெண்டு மாசம் கழிச்சு இடதும் சேந்துக்கும்." வெர்லின் சட்டென்று நிறுத்தினான். "பொதுவாச் சொல்றேன்."

"பொதுவாத்தாங்க எழுதிக்கறேன்."

இப்படியே ஆறு வாரம். யாரிடமும் சொல்லாததையெல்லாம் வெர்லின் கொட்டகைக்குப் பின்னால் நின்று உரக்கப் பேசினான். கையெழுத்து கோணுவது, சட்டைப் பொத்தான் வழுக்குவது, கடையில் சில்லறை எண்ணிக் கொடுக்கும்போது பின்னால் நிற்பவர் பார்ப்பாரோ என்று கூசுவது எல்லாம் பாடமாக வெளியே வந்தது. பேசப் பேச நெஞ்சு லேசானது. துப்பாக்கிக்கு வார், வெர்லினுக்குத் தாரம். இரண்டும் கழுத்தைச் சுற்றித்தான் கிடக்கும், ஆனால் இரண்டும் இல்லாவிட்டால் நேராக நிற்க முடியாது என்று ஹார்லனிடம் தத்துவம்கூடப் பேசினான்.

நவம்பர் கடைசியில், நன்றி நாள் விருந்து முடிந்த திங்கட்கிழமை வேட்டை தொடங்கியது. விடிவதற்கு முன்பே இருவரும் மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுகிற ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு, சாய்ந்து கிடந்த ஓக் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். புல்லெல்லாம் உறைபனி. எட்டு மணி சுமாருக்கு ஒரு பெண்மான் ஓடையைத் தாண்டி வந்து, முப்பதடியில் பக்கவாட்டில் நின்றது.

வெர்லின் பெரிய மனசு பண்ணி, வாரோடு துப்பாக்கியை அவளிடம் கொடுத்தான். "சாய்ஞ்சுக்கோ," என்று முணுமுணுத்தான்.

ஒலீட்டா தலைவழியாக வாரை மாட்டப் போனாள். அது மேல்சட்டைப் பொத்தானில் சிக்கிக்கொண்டது. மான் காதைத் திருப்பியது. ஒலீட்டா பதறவில்லை. கொக்கியைத் தட்டி வாரைக் கழற்றி அவன் மடியில் போட்டாள். எழுந்து, வெறும் இரண்டு கையால் துப்பாக்கியை நீட்டினாள். சுவரில் அறைந்த ஆணிபோலத் துப்பாக்கி நின்றது.

ஒரே வெடி. மான் பத்தடி ஓடி விழுந்தது.

வெர்லின் மானைப் பார்க்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் கை நடுங்கலை."

"இல்லைங்க."

"நடுங்குதுன்னு சொன்னியே?"

"கை நடுங்குதுன்னு சொன்னேன். யார் கைன்னு நீங்க கேக்கலை."

வெர்லினுக்கு மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக விளங்கியது.

"அப்ப அந்த நோட்டு?"

"டாக்டர் கோவாச்கிட்ட போன வாரமே காட்டிட்டேன். பதினோரு பக்கம். இவ்வளவு விவரமா எந்த நோயாளியும் சொன்னதில்லைன்னாங்க. வியாழக்கிழமை பத்தரைக்கு வரச் சொல்லிருக்காங்க."

"நான் வரமாட்டேன்."

"சரி. மொதல்ல மானை இழுங்க."

இழுத்தான். மேட்டில் பாதி தூரம் கோபத்திலேயே இழுத்தான். மூச்சு வாங்கி நின்றபோது ஒலீட்டா பக்கத்தில் வந்து நின்றாள். இப்போது அவள் குரலில் கிண்டல் இல்லை.

"உங்கப்பாவுக்கு ஆறு வருஷம் நீங்க ஊட்டினதைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? உங்களுக்கு ஊட்டறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஆனா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே ஊட்டிக்கிட்டிருந்தேன்னு நாளைக்கு நான் நினைக்கக் கூடாது. அவ்வளவுதாங்க."

வெர்லின் மறுபடி மானை இழுத்தான். மறுநாள் தனியாகப் போனான். வாரை மாட்டி, சாய்ந்து, நாற்பதடியில் ஒரு கிளைக்கொம்பு மானை அடித்தான். கை அசையவே இல்லை. ஆனால் வாரைக் கழற்றின நிமிஷமே மறுபடி ஆட ஆரம்பித்தது. அந்த ஆட்டத்தைப் பார்த்தபடி வெகுநேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். வியாழக்கிழமை காலை தானாகவே குளித்துவிட்டு வந்து வண்டியில் ஏறினான்.

டாக்டர் கோவாச் நாற்பது வயதுப் பெண்மணி. ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னாள். வெர்லின் முள்கம்பி வரைந்தான். அவள் கையை நீவி, மடக்கி, நடக்கவிட்டு, உட்காரவைத்து எல்லாம் பார்த்தாள். அதற்குள் அவன் உள்பனியன் நனைந்துவிட்டது.

"நீங்க பயப்படற, ஆளை முடக்கிப் போடற வியாதி இல்லை இது," என்றாள். "சும்மா இருக்கும்போது நடுங்கலைன்னு சொல்லிருக்கீங்களே, அதுதான் நல்ல சேதி. குடும்பத்துல வர்ற நடுக்கம். ஆளைக் கொல்லாது. மாத்திரை இருக்கு. நிறைய பேருக்குப் பாதிக்குப் பாதி குறையும்."

"எங்கப்பாவுக்கு…"

"கரண்டி எடுக்கும்போதுதான் ஆடிச்சுன்னா, அநேகமா இதேதான்."

வெர்லின் ஜன்னல் பக்கம் பார்த்தான். ஒரு மாத்திரை. ஆறு வருஷம் சூப். அப்பாவின் நனைந்த சட்டைக் காலர் கண்முன்னே வந்தது. ஒலீட்டா அவன் கைமேல் கை வைத்தாள். கை மடியில் கிடந்ததால் அமைதியாகத்தான் இருந்தது.

அவன் வெளியே மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், டாக்டரும் ஒலீட்டாவும் உள்ளே ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது.

வண்டியில் ஏறியபோது வெர்லினுக்குப் பத்து வயது குறைந்தமாதிரி இருந்தது. வாயும் திறந்துகொண்டது.

"அடுத்த வருஷம் பாரு, ஒலீட்டா. மாத்திரை வேலை செஞ்சா வாரே வேண்டாம். வெறுங்கையால ரெண்டு மான்."

"அடுத்த வருஷம் டாக்டரம்மாவும் வேட்டைக்கு வர்றாங்களாம். நானும் அவங்களும் போறதா முடிவாயிருச்சு. உங்க விரலுக்குத்தான் தினம் ஏதாவது வேலை குடுக்கணும்னு சொன்னாங்க. வீட்ல இருந்து உருளைக்கிழங்கு உரிச்சு வைங்க."

"கைத்துப்பாக்கி ஒண்ணுதானே இருக்கு?"

"உருளைக்கிழங்கு உரிக்கத் துப்பாக்கி எதுக்குங்க?"